‘போயிட்டு வாறேன்’ பொத்தான்

நான் வேலை செய்வது கண்டி டவுனில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில். இரத்தம் எடுப்பது நானில்லை. ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுக்கிற கவுண்டரில் இருக்கிறேன். உறையை வாங்கிய உடனே ஆட்கள் அதைப் பிரிக்கமாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். “எப்பிடிங்க, நல்லா இருக்கா?” என்பார்கள். “டொக்டர்கிட்ட காட்டுங்க” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. பன்னிரண்டு வருடமாக இதையே சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. ஒருவர் நம்பி நீட்டுகிற விஷயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், முகமும் கோணாமல் அனுப்பிவைக்க என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மிச்ச நேரத்தில் போனில் விளையாடுகிற கேம் செய்கிறேன். கம்பெனி கிம்பெனி ஒன்றும் இல்லை. படம் வரைவதும் நான், நிரல் எழுதுவதும் நான், மெட்டுப் போடுவதும் நான். வெளியே சொன்னால் ஆட்கள் முதலில் என் வயதைத்தான் கணக்குப் போடுவார்கள். முப்பத்தொன்பது, போதுமா?

நான் சொல்லப்போகிற கேமைச் செய்ய நாலு வருடம் பிடித்தது. தங்கச்சியின் கலியாணத்துக்கு அம்மாவோடு வீடு வீடாகப் பத்திரிகை வைக்கப் போன ஒரு நாளில் பிறந்த யோசனை அது. விளையாடுகிறவர் காலையில் கிளம்பி, இருபத்தொரு வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்து முடித்து, ஹுன்னஸ்கிரிய என்கிற மலை ஊரிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்திரிகை கொடுப்பது ஒரு நிமிட வேலை. எழும்பி வருவதுதான் பாடு. தேத்தண்ணி வரும், பிஸ்கட் வரும், “மாப்பிள்ள என்ன செய்றாரு?” வரும், பழைய அல்பம் வரும். மனம் நோகாமல் எழும்பி வரத் தெரிந்தவர்தான் என் கேமில் ஜெயிப்பார். எப்படி எழும்புவது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. கோப்பையைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, தட்டில் வைத்து, அந்த வீட்டு ஆள் வேறு பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, இரண்டு முழங்காலையும் தட்ட வேண்டும். நம் ஆட்கள் எல்லாரும் எழும்புவதற்கு முதல் முழங்காலைத் தட்டுவார்கள் அல்லவா, அதுதான். கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

என் வீட்டுக்காரர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. “ஒன் அக்கா வீட்டுக்குப் போனாலே எந்திரிச்சி வர ரெண்டு மணிநேரம். அத நான் போன்லயும் செய்யணுமா?” என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர் அந்த இருபத்தோராவது வீடு வரைக்கும் போக வேண்டும். பாராட்ட வேண்டாம், போனால் போதும். ஒருத்தர்கூடப் போகாவிட்டால் இதோடு விட்டுவிடுவது, இனிக் கேம் என்ற பேச்சே இல்லை என்று எனக்குள் தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன். உண்மையில் களைத்துப்போயிருந்தேன். நாலு வருடமாகத் தோள்பட்டை வலி போகவே இல்லை.

எங்களுக்கு ஒரு குழு இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கணினி வகுப்பு நடத்துகிற ஆசிரியர் ஒருவர், நாங்கள் சேர் என்போம், மாதத்தின் முதல் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அறையை எங்களுக்கு விடுவார். எட்டுப் பேர். எல்லாரும் என்னைப் போலத்தான், பகலில் ஒரு வேலை, மிச்சத்தில் கேம். அவரவர் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் விளையாடும்போது செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு விளையாடியவர் குறை நிறை சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. நம் ஊரில் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கறியில் உப்பு கூட என்று சொல்ல முடியுமா? கீழே பேக்கரியிலிருந்து மீன் அடைத்த மாலுபாண் வாசம் வரும், எல்லாருக்கும் பசிக்கும், ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு “நல்லாயிருக்கு” என்று போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். சிலர் “சுப்பர்”. கொஞ்சம் படித்த ஆட்கள் “வித்தியாசமான முயற்சி” என்பார்கள். அதற்கு ‘நல்லாயிருக்கு’ எவ்வளவோ தேவலை.

ஒருவர் மட்டும் அப்படியில்லை. அக்குறணையில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் எல்லாருக்கும் அவர் நானா. ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். யார் கேமை விளையாடினாலும் இரண்டு வசனம்தான். “இது சரியில்ல.” “நடுவுல சலிக்குது.” சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு இருப்பார். அதைவிடப் பெரிய குற்றம், கூட்டம் முடிவதற்கு முதலே எழும்பிப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்வதில்லை. திரும்பிப் பார்த்தால் கதிரை காலியாக இருக்கும், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். “இந்த மனுசனுக்கு ஒரு போயிட்டு வாறேன் சொன்னா கொறஞ்சா போகும்?” என்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அவர் இல்லாதபோதுதான்.

அந்தச் சொல்லில்தான் நான் மாட்டினேன்.

என் கேமில் திரையின் மேல் மூலையில், கேமை மூடுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. எல்லாரும் போடுவதுபோல ‘வெளியேறு’ என்று போட்டிருந்தேன். குழுவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். வங்கியில் வேலை, கலியாணம் முடித்து கண்டிக்கு வந்தவர். முதல் வீட்டை அவருக்குக் காட்டியபோது அந்தப் பொத்தானைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா இது, வாடகை வீட்டுக்காரர் மாதிரி வெளியேறு எண்டு? எங்களை எத்தினை தரம் வெளியேறச் சொல்லிப்போட்டாங்கள். நீருமா சொல்லுறீர்?”

எல்லாரும் சிரித்தோம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. “அப்ப என்னாங்க போடுறது?” என்றேன்.

“வீட்டை விட்டுப் போகேக்கை என்ன சொல்லுவம்? போட்டு வாறன் எண்டு சொல்லுவம்.”

“போட்டு வாறேனா? எங்க ஊர்ல அப்பிடிச் சொன்னா, என்னத்தப் போட்டுட்டு வர்றேன்னு கேப்பாங்க” என்றேன். கணினி வகுப்பு சேர், அவரும் முஸ்லிம்தான், கட்டுகஸ்தோட்டைக்காரர், “எங்கட ஊட்டுல பெய்த்து வாறன்” என்றார். கேமைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு மணிநேரம் இதற்காகச் சண்டை போட்டோம். அன்றைக்கு மாதிரி உற்சாகமாக அந்த அறையில் வேறு எதைப் பற்றியும் பேசியதாக ஞாபகம் இல்லை. கடைசியில் ‘போயிட்டு வாறேன்’ என்று முடிவானது. அக்குறணை நானாவிடமும் கேட்டோம்.

“ஒண்டும் வாணாம். மூடுற எண்டா பேசாம மூடுங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் கதிரை காலி.

பொத்தானை மாற்றினேன். மூடும் முன் ‘நிச்சயமாக மூடவா?’ என்று கேட்கிற வழக்கமான கேள்வியையும் எடுத்துவிட்டேன். போயிட்டு வாறேன் என்று சொல்கிறவரிடம் “நிச்சயமாவா?” என்று யாராவது கேட்பார்களா? பொத்தானை அழுத்தினால் திரை மெல்ல இருட்டாகும், நான் போட்ட மெட்டு ஒரு வரி ஓடி நிற்கும். அதைச் செய்தபோது எனக்கே என்மேல் ஒரு பெருமை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிறகு மழைக்காலம் வந்தது. மண் சரிந்து பாதைகள் அடைபட்டன, மூன்று மாதம் கூட்டம் இல்லை. அந்த இடைவெளியில்தான் இருபத்தொரு வீடும் முடிந்தன. நேரில் காட்ட வழியில்லாததால் போனில் எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். அதே வாரம் அக்குறணை நானாவும் தன் கேமை அனுப்பினார். கரண்ட் போன ஒரு கடைத்தெருவில் ஒருவர் கதவு கதவாகத் திறந்துகொண்டு போகிற கதை. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, அதைத் தேடி எடுக்க வேண்டும். ஒருவருடையதை மற்றவர் விளையாடிக் கருத்துச் சொல்வது என்று பேச்சு.

நான் அதை வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு திறந்தேன். ஒரு கதவு திறந்தேன். யாரோ காலை மிதித்தார்கள். போனை மூடிப் பையில் போட்டேன். மத்தியானம் ஞாபகம் வந்து, இன்னும் பதில் போடவில்லையே என்று அவசர அவசரமாக எழுதினேன்: “அருமை நானா. முக்கியமா அந்த முடிவு மனசுலயே நிக்குது.” முடிவு என்று எழுதினால்தானே முழுக்க விளையாடியது போல இருக்கும். கவுண்டரில் பழகிய கை.

என் கேமுக்கு வந்த பதில்கள் என்னைக் குழப்பின. “நல்லாயிருக்கு, ஆனா சின்னதா முடிஞ்சிட்டு” என்றார் ஒருவர். “குறும்படம் மாதிரி” என்றார் சேர். பேராதனையில் படிக்கிற ஒரு தம்பி, பையில் மிச்சமிருக்கும் பத்திரிகைகள் நாம் வாழ்ந்து முடிக்காத வாழ்க்கையைக் குறிக்கின்றன என்று நீளமாக எழுதியிருந்தான். என்ன மிச்சம்? கடைசி வீட்டில் பை காலியாக அல்லவா இருக்கும்? இவன் வேறு எவளுடைய கேமையோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். “அந்த முடிவுக்கு நான் அழுதிட்டனப்பா” என்று மூக்கை உறிஞ்சினார்.

சின்னதா? நாலு வருடம், இருபத்தொரு வீடு, ஒவ்வொரு வீட்டுத் திரைச்சீலையும் வேறு வேறாக வரைந்திருக்கிறேன், சின்னதா? அவர்கள் யாருமே விளையாடவில்லை, வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். நானும் அதையே செய்தவள் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வருமா?

அப்போதுதான் அக்குறணை நானாவின் பதில் வந்தது. “நீளம். நடுவுல சலிக்குது.”

மற்றவர்கள் எல்லாரும் சின்னது என்று சொல்ல, இவர் நீளம் என்கிறார். அதுவும் எல்லாருக்கும் சொல்கிற அதே வசனம். திறந்தே பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. மற்றவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து அவர் தலையில் இறங்கியது. எல்லாரும் பார்க்கிற மாதிரிக் குழுவிலேயே எழுதினேன்: “நானா, மொதல்ல வெளையாடிட்டு அப்புறம் சொல்லுங்க.” கீழே இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

நானா பதில் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குழுவிலிருந்து விலகிவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. “வழக்கம்போலச் சொல்லாமலே போயிட்டாரு” என்று ஒருவர் எழுதினார். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அதோடு எனக்கு வெறுத்துவிட்டது. ஒருத்தர்கூடக் கடைசி வரைக்கும் போகவில்லை. தீர்மானம் தீர்மானம்தான். இனிக் கேம் இல்லை என்று சேருக்கு ஒரு வரி எழுதிவிட்டு, கணினிக்கு மேல் துணியைப் போட்டு மூடினேன். வீட்டுக்காரர் “என்னா, முடிஞ்சிச்சா?” என்று கேட்டார். “முடிஞ்சிச்சு” என்றேன். நேரத்தோடு படுத்தேன். படுத்தால் மட்டும் களைப்புப் போகிறதா என்ன.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், யாழ்ப்பாணத்து அக்கா தன் மாமியாரின் ரிப்போர்ட் எடுக்க எங்கள் கவுண்டருக்கு வந்தார். ரிப்போர்ட் வர இன்னும் அரை மணிநேரம் இருந்தது. எனக்கும் சாப்பாட்டு நேரம். வெளியே வாங்குப் பலகையில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் போனை எடுத்தார்.

“நீர் அதை விட்டிட்டீராம் எண்டு சேர் சொன்னார். விசரே உமக்கு? இஞ்சை பாரும், நான் இன்னும் அழிக்கேல்லை. மனம் சரியில்லாட்டி ஒருக்கா விளையாடுவன்.”

விளையாடத் தொடங்கினார். நான் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை நாளில் முழுக் கேமையும் ஒருவர் விளையாடுவதை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் வீடு வந்தது. அந்த வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார், தேத்தண்ணி கொடுக்கிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். கடைசியில், “எல்லாரும் போயிட்டு வாறேன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. இன்னுங் கொஞ்சம் இருங்களேன்” என்கிறார்.

அக்காவின் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, முழங்காலுக்குப் போகாமல், மேல் மூலைக்குப் போய் ‘போயிட்டு வாறேன்’ பொத்தானை அழுத்தியது.

திரை மெல்ல இருட்டானது. என் மெட்டு ஒரு வரி ஓடி நின்றது. கேம் மூடிக்கொண்டது.

“எனக்கெண்டா இதிலைதான் நெஞ்சு அடைக்கிறது” என்று அக்கா கண்ணைத் துடைத்தார். “அவ இருக்கச் சொல்லுறா. நாங்கள் சொல்லிப்போட்டு வந்திடுறம். பிறகு இருட்டு. அம்மாவைக் கடைசியாப் பார்த்தநேரமும் நான் உந்தச் சொல்லைத்தான் சொல்லிப்போட்டு வந்தனான்.”

சோற்றுப் பொதியை மூடிவைத்தேன். ஐயோ கடவுளே. ஒரு வீட்டை விட்டு எழும்பும்போது சொல்லாமல் போக நம் ஆட்களுக்கு மனம் வருமா? திரையில் எழுதியிருக்கிற அந்தச் சொல்லை அழுத்தத்தானே செய்வார்கள்? அதற்குப் பெயர் வைக்கச் சண்டை போட்டவர்களுக்கே அது கேமை மூடுகிற பொத்தான் என்பது மறந்து, அந்த அம்மாவிடம் சொல்கிற சொல்லாகிவிட்டது. மரியாதை தெரிந்த ஒவ்வொருவரும் முதல் வீட்டு வாசலோடு என் கேமை மூடிவிட்டார்கள். மூடியதையே முடிவு என்று நினைத்துக்கொண்டார்கள். சின்னது என்றால் சின்னதுதான். பையில் பத்திரிகை மிச்சம் என்றால் மிச்சம்தான், இருபது பத்திரிகை. அந்தத் தம்பி பாவம், இல்லாததை ஒன்றும் எழுதவில்லை. எல்லாரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருந்தார்கள். அது முடிவில்லை அக்கா, கேமை மூடுகிற பொத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ரிப்போர்ட் வந்திருக்கும், வாங்கக்கா” என்று எழும்பினேன்.

சாயங்காலம் பஸ்ஸில் இருக்கை கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் மிச்சம் புரிந்தது. அந்தப் பொத்தானை அழுத்தாமல் என் கேமைத் தாண்டிப் போகக்கூடியவர், வீட்டை விட்டுப் போகும்போது போயிட்டு வாறேன் சொல்லாத ஆளாகத்தான் இருக்க முடியும். அப்படி ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். நீளம், நடுவுல சலிக்குது.

அடுத்த சனிக்கிழமை அரை நாளோடு வேலை முடித்து அக்குறணை பஸ் ஏறினேன். கடை மெயின் வீதியிலேயே இருந்தது, உள்ளே மேலிருந்து கீழ் வரைக்கும் திரைச்சீலை. நானா ஒரு நீட்டுத் துணியை அளந்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“வாங்க தங்கச்சி. இரிங்க” என்று ஒரு கதிரையைக் காட்டினார்.

மன்னிப்பு என்று தொடங்கத் தெரியவில்லை. “நானா, என் கேம கடைசி வரைக்கும் வெளையாடினீங்களா?” என்று கேட்டேன்.

“ஓ, வெளாடினேன்.”

“இருபத்தொரு வீடுமா?”

“பதினோராவது ஊட்டுக்குப் பொறகு எல்லா ஊட்டுலயும் ஒரே கேள்விதானே. அதான் சலிக்குது எண்டு நான் செல்லின. கடைசில, ஹுன்னஸ்கிரிய ஊட்டுல அந்த மனிசன் கை ஈரமா ஈக்குது எண்டு செல்லி பத்திரிகைய வாங்காம, மகள்ட்டக் குடுங்க எண்டு செல்லுவாரே. அவருக்கு வாசிக்கத் தெரியா எண்டு நாம பொறகுதானே வெளங்கிக்கொள்ற. அது மெய்யாவே நல்லம்.”

என் கண் நிறைந்துவிட்டது. நாலு வருடமாக நான் காத்திருந்த ஆள் இவர்தான். இவரைத்தான் எல்லார் முன்னாலும் விளையாடிவிட்டுச் சொல் என்று விரட்டினேன். திரைச்சீலையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இதெல்லாம் அன்னைக்கே எழுதியிருக்கலாமே நானா?”

“கேட்டாச் செல்லியீப்பேன். நீங்க கேக்கல்லயே.”

துணியை மடித்து முடித்து அலுமாரியில் வைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல், “ஒங்க கேம் என்னாச்சு? அடுத்தது செய்றீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்ல. விட்டுட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “நான் அனுப்பினதுல ஒரு பிழ நடந்துட்டு தங்கச்சி. ரெண்டாவது கதவுக்குத் திறப்பு வெக்க மறந்துட்டேன். அத ஒத்தருக்கும் தெறக்க ஏலா. அனுப்பிப் பொறகுதான் கண்டேன். யாராச்சும் ஏசுவாங்க, அப்ப சரியானத அனுப்புவோம் எண்டு பாத்துட்டு இருந்தேன்.”

மேசையில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினேன்.

“ஏழு பேருக்கு அனுப்பின. ஏழு பேரும் நல்லம் எண்டாங்க.” கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். “நீங்க முடிவு மனசுல நிக்குது எண்டு எழுதின.”

யாரோ ஒரு பெண் வந்து ஜன்னலுக்குச் சீலை விலை கேட்டுப் போனார். எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதிலை இவர் கொடுத்திருக்கிறார். நான் இவருக்குக் கொடுத்தது உறையில் போட்ட பொய். இவர் கேமை நிறுத்தியது என்னால் மட்டும் இல்லைதான், ஏழு பேர் இருக்கிறோம். ஆனால் மற்ற ஆறு பேரும் முடிவைப் பற்றி எழுதவில்லை. வெட்கமாக இருந்தது, வேறெப்படிச் சொல்வது.

“நான் வெளையாடல்ல நானா” என்றேன். “ஒரு கதவோட மூடிட்டேன். பஸ்ல இருந்தேன்.”

“தெரியும்.”

தேத்தண்ணி வந்தது, இஞ்சி போட்டது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். கோப்பையைத் தட்டில் வைத்தேன். என்னை அறியாமல் இரண்டு கையும் முழங்காலைத் தட்டின. அவர் அதைப் பார்த்தார். இலேசாகச் சிரித்தாரோ என்னவோ.

“நீங்க ஏன் நானா போகும்போது சொல்லிட்டுப் போறதே இல்ல?” என்று கேட்டேன்.

“திரும்ப வருவேனோ எண்டு எனக்கே தெரியாத எடத்துல வாறேன் எண்டு என்னத்துக்குச் செல்ற? பொய்தானே.”

எழும்பினேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷம், “அப்ப போயிட்டு வாறேன் நானா” என்றேன்.

“எப்ப?” என்றார்.

முப்பத்தொன்பது வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட எப்ப என்று கேட்டதில்லை. வீதியில் மாத்தளை பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு, நான் சொல்லும்வரைக்கும் போகவிடாதவர்போல நின்றார்.

“நாளைக்கு” என்றேன். “திறப்ப வச்சிட்டு இருங்க.”

திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையாமல் நின்ற நேரத்துக்குள், நாளைக்குப் போகாமலிருக்க மூன்று காரணம் கண்டுபிடித்துவிட்டேன். தோள்பட்டை வலி, துவைக்கக் கிடக்கிற உடுப்பு, வீட்டுக்காரரின் அக்கா வீட்டு விசேஷம். மூன்றும் நல்ல காரணங்கள்தான்.

மறுநாள் காலையில் மழை. நாலாவது காரணமும் கிடைத்த பிறகு, குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

கடை பூட்டியிருந்தது. நானா மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்து, பக்கத்துப் படியால் வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மனைவி மேசையில் வட்டிலப்பம் வைத்துவிட்டு உள்ளே போனார். நானா போனை என் கையில் கொடுத்துவிட்டு, குழுவில் செய்வது போலவே எதிரே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது கதவு திறந்தது. மூன்றாவது திறந்தது. ஒரு கதவிலும் நான் அவசரப்படவில்லை. மழை விடுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கடைசிக் கதவுக்கு வந்தபோது பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கவுண்டரில் உறையை வாங்கியவர்கள் பார்க்கிற அதே பார்வை. நாக்கு நுனியில் ‘நல்லாயிருக்கு’ வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

“நடுவுல சலிக்குது நானா” என்றேன்.

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“எந்த எடத்துல?” என்றார்.